அச்சு அசலாய் வரவேண்டுமென்றால்

கேக் செய்கிறவர்களுக்குப் பெரிய பரீட்சை ஓவனுக்குள் நடப்பதில்லை. அது மேஜை மேல் நடக்கிறது. வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையும் சேர்த்து அடித்து, முக்கால் மணி நேரம் வேகவைத்து, வாசனை தெருமுனை வரை போன பிறகு, பாத்திரத்தைத் தட்டின் மேல் கவிழ்த்து முதுகில் தட்டும் அந்தச் சில விநாடிகள்தான் பரீட்சை. வழவழப்பான வட்டப் பாத்திரம் என்றால் பெரும்பாலும் பாஸ். ரோஜா, கோட்டை, சுருள் வளையம் என்று அலங்காரம் பதித்த பாத்திரம் என்றால் கதை வேறு. பாதி ரோஜா தட்டில், பாதி ரோஜா பாத்திரத்தில். மிச்சத்தைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, கிரீமால் ஒட்டுப் போட்டு, ருசியில் ஒன்றும் குறைவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்காகச் செய்தால் சமாதானம் போதும். ஆர்டர் வாங்கிச் செய்கிறவர்களுக்குப் போதாது. மாலை ஆறு மணிக்குப் பிறந்தநாள் என்றால், மூன்று மணிக்கு உடைந்த கேக்குக்கு மாற்று செய்ய நேரம் இருக்காது. வெண்ணெய், முட்டை, மின்சாரம் எல்லாம் கைநஷ்டம். அடுத்த ஆர்டர் வருமா என்பது அதைவிடப் பெரிய கவலை. கோபம் நேராகப் பாத்திரத்தின் மேல் பாய்கிறது. ஒட்டாத பூச்சு கொண்டது என்று சொல்லித்தானே விற்றார்கள்?

பாத்திரத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் மைசூருவின் சமையலறைகளை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இயங்கிவரும் ஊர் இது. மாவு அரைப்பதற்கும் பேக்கிங்குக்கும் இனிப்புகளுக்கும் அங்கே தனித் துறையே இருக்கிறது. ஆனால் அலங்கார அச்சிலிருந்து ஓர் இனிப்பை மூக்கும் வாலும் உடையாமல் வெளியே எடுக்கும் வித்தை, அந்த ஆய்வுக்கூடத்துக்கு வெகுகாலம் முந்தியே ஊரின் வீடுகளில் இருந்திருக்கிறது. அதன் பெயர் சக்கரே அச்சு.

மரத்துக்குத் தண்ணீர்

தமிழகத்தில் பொங்கல் பொங்கும் நாளில் பழைய மைசூர் பகுதியில் மகர சங்கராந்தி. எள், வெல்லத் துண்டு, கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்த எள்ளு பெல்லாவை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பார்கள். எள்ளும் வெல்லமும் தின்று நல்ல வார்த்தை பேசுங்கள் என்பது அதற்குப் பொருள். தட்டில் ஒரு கரும்புத் துண்டும், கூடவே வெள்ளை வெளேரென்று சர்க்கரைப் பொம்மைகளும் இருக்கும். கிளி, பசு, யானை, மீன், துளசி மாடம் என்று மரத்தில் செதுக்கிய அச்சில் வார்த்தவை. கிளியின் அலகும், மாடத்தின் படியும் தெளிவாகத் தெரிய வேண்டும். அலகு உடைந்த கிளியைத் தட்டில் வைத்து அண்டை வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது.

செய்முறை எளிதாகத்தான் தெரியும். சர்க்கரையில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துக் கொஞ்சம் பால் ஊற்றினால், அழுக்கெல்லாம் நுரையோடு திரண்டு மேலே வரும். துணியில் வடிகட்டினால் தெளிந்த பாகு கிடைக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னப் பாத்திரத்தில் எடுத்துக் காய்ச்சி, விடாமல் கிளற வேண்டும். கண்ணாடி போலிருந்த பாகு ஒரு கட்டத்தில் பால் போல் வெளுத்துத் தடிக்கும். உடனே அச்சில் ஊற்ற வேண்டும். தாமதித்தால் பாத்திரத்திலேயே கல்லாகிவிடும். மொத்தமாகக் காய்ச்சாமல் சிறிது சிறிதாக எடுப்பதன் காரணம் இதுதான்.

ஆனால் வேலை அடுப்பு மூட்டும்போது தொடங்குவதில்லை. அதற்குச் சில மணி நேரம் முன்பே, பல வீடுகளில் முந்திய இரவே, அச்சுகள் தண்ணீரில் ஊறத் தொடங்கிவிடுகின்றன. ஊற்றுவதற்குச் சற்று முன் எடுத்து, மேலே நிற்கும் ஈரத்தைத் துணியால் ஒற்றி, இரண்டு பாதிகளையும் சேர்த்து நூலாலோ ரப்பர் வளையத்தாலோ இறுகக் கட்டுகிறார்கள். சில நிமிடங்களில் பாகு இறுகும். கட்டைப் பிரித்தால் கிளி முழுசாக வரும். இதில் நெய்யும் இல்லை, எண்ணெயும் இல்லை, மாவும் இல்லை. ஒட்டாமல் காப்பது தண்ணீர் மட்டுமே.

தண்ணீர் எப்படிக் காக்கிறது? மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. காய்ந்த மரத்தில் சூடான பாகை ஊற்றினால், மரம் தாகத்தோடு அதைக் குடிக்கும். குடித்த பாகு குழாய்களுக்குள்ளேயே இறுகி, ஆயிரம் ஆணி அடித்தது போலப் பொம்மையைப் பிடித்துக்கொள்ளும். ஊறிய மரத்தின் வயிறு ஏற்கனவே நிறைந்திருக்கிறது. பாகுக்கு உள்ளே இடமில்லை. மேலே நிற்கும் ஈரத்தை ஒற்றி எடுப்பதற்கும் காரணம் உண்டு. தண்ணீர் தேங்கினால் சர்க்கரை கரைந்து அலகு மழுங்கிவிடும்.

இடத்தை யார் பிடிப்பது?

கேக் ஒட்டுவதற்கும் அடிப்படை இதுதான். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகமும் பூதக்கண்ணாடிக்குக் கீழே மேடும் பள்ளமும்தான். கீறல் விழுந்த பழைய பாத்திரத்தைக் கேட்கவே வேண்டாம். தளர்ந்த மாவு அந்தப் பள்ளங்களில் வழிந்து இறங்குகிறது. சூடு ஏறும்போது முட்டையிலும் மைதாவிலும் உள்ள புரதம் அங்கேயே கெட்டிப்படுகிறது. சர்க்கரை உருகிப் பசையாகிறது. ஆறியதும் அந்தப் பசை காய்ந்து இறுகுகிறது. அலங்காரப் பாத்திரத்தில் மடிப்புகள் அதிகம் என்பதால் மாவு தொடும் பரப்பும் அதிகம், பிடிப்பும் அதிகம்.

ஆகவே எந்த அச்சானாலும் கேள்வி ஒன்றுதான். அந்த நுண்ணிய பள்ளங்களில் மாவு போய் உட்காருமுன் வேறு எது போய் உட்காரப்போகிறது? மரத்துக்கு விடை தண்ணீர். மற்றவற்றுக்கு விடை வேறு.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது புதிதல்ல. அச்சு முறுக்கு சுடுகிறவர்கள் அச்சைக் காயும் எண்ணெயிலேயே சற்று நேரம் மூழ்கவைத்து, சூடேறிய பிறகே மாவில் தோய்க்கிறார்கள். பள்ளங்களில் எண்ணெய் நிறைந்திருக்கும். சூடான அச்சைத் தொட்டதுமே மாவு வெந்து தோலாகிவிடும். அதுவும் முக்கால் பாகம்தான் தோய்க்க வேண்டும். மாவு அச்சின் மேல் விளிம்பைத் தாண்டி மூடிக்கொண்டால் எந்த எண்ணெயாலும் காப்பாற்ற முடியாது. தோசைக்கல்லில் நாள்பட எண்ணெய் காய்ந்து கருத்த படலமாகப் படிந்து, இரும்பின் பள்ளங்களை மூடிவிடுகிறது. அந்தப் படலத்தைத் தேய்த்து எடுத்த மறுநாள் தோசை கிழிவது எல்லா வீட்டிலும் நடக்கிற கதை.

மரத்துக்கு எண்ணெய் தடவிப் பாகு ஊற்றுவதும், அலுமினியத்தைத் தண்ணீரில் ஊறவைத்து மாவு ஊற்றுவதும் பயன் தராது. அச்சு எதனால் ஆனது என்பதைப் பார்த்துத்தான் வைத்தியம்.

அலுமினியத்துக்கு நெய்யும் மாவும்

கடைகளில் இன்று கிடைக்கும் வளையக் கேக் பாத்திரங்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஆஸ்திரியா, ஜெர்மனிப் பக்கத்துக் குகெல்ஹுப்ஃப் என்ற கேக்குக்கு நடுவில் குழாய் வைத்த, பக்கங்களில் சுருள் வரி போட்ட அச்சு உண்டு. 1950இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் பகுதியில் ஹதாசா என்ற யூதப் பெண்கள் அமைப்பைச் சேர்ந்த சிலர், அந்த மாதிரியில் ஒன்றை அலுமினியத்தில் செய்து தரும்படி டேவிட் டால்க்விஸ்ட் என்பவரைக் கேட்டார்கள். அவருடைய நார்டிக் வேர் நிறுவனம் அதை வார்த்து 'பண்ட்' என்ற பெயரில் விற்றது. பல ஆண்டுகள் அது பெரிதாக விலைபோகவில்லை. 1966இல் பில்ஸ்பரி சமையல் போட்டியில் அந்தப் பாத்திரத்தில் செய்த ஒரு சாக்லெட் கேக் இரண்டாம் பரிசு வாங்கியதும், கடைகளில் பாத்திரம் கிடைக்காமல் போகும் அளவுக்குக் கிராக்கி ஏறியது.

நடுக்குழாய் வெறும் அழகுக்காக வைத்ததல்ல. கனமான மாவின் நடுப்பகுதிக்கும் சூடு போய்ச் சேர அதுவே வழி. ஆனால் ஒட்டுவதற்கு இன்னொரு சுவரும் அதுதான். கேக் உடைந்த வீடுகளில் விசாரித்தால், சுற்றுச் சுவருக்கெல்லாம் நன்றாகத் தடவி, நடுக்குழாயை மறந்துபோனது பல நேரம் தெரியவரும்.

என்ன தடவுவது என்பதில் முதல் தவறு வெண்ணெய். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. கூடவே பாலின் புரதமும் சர்க்கரையும் கொஞ்சம் இருக்கின்றன. தண்ணீர் ஆவியான பிறகு அந்தப் பால்பொருள் கருகித் தானே ஒட்டும். வெண்ணெயைக் காய்ச்சி அந்தத் தண்ணீரையும் கசடையும் நீக்கினால் கிடைப்பது நெய். பாத்திரத்துக்கு ஏற்றது அதுதான். வெறும் எண்ணெயில் வேறு சிக்கல். அது வழிந்து அடியில் தேங்கும். அலங்காரப் பாத்திரத்தில் அடி என்பது கேக்கின் தலை. அங்கே எண்ணெய் தேங்கினால் பூவின் இதழ் பொரிந்துபோகும், சுவரோ வெறுமையாக நிற்கும்.

நம்பகமான முறை இது. உறைந்த நெய் அல்லது வனஸ்பதி, சமையல் எண்ணெய், மைதா மூன்றையும் ஒரே அளவில் எடுத்துக் குழைக்க வேண்டும். தளர்ந்த களிம்பு போல இருக்கும். அதைச் சின்னப் பிரஷ்ஷால், கீழிருந்து மேலாக, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் மெல்லிசாகத் தடவ வேண்டும். விரலும் காகிதமும் மடிப்பின் மூலைக்குப் போகா. தடவியதும் பாத்திரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விட்டுப்போன இடம் பளபளக்கும். களிம்பு திட்டுத்திட்டாக நின்றாலும் ஆகாது. நின்ற இடத்தில் அலங்காரம் மழுங்கும், வெள்ளை மாவு ஒட்டிக்கொண்டு வரும்.

களிம்பு வேண்டாம் என்பவர்கள் நெய்யைத் தடவி, அதன்மேல் மைதா தூவி, பாத்திரத்தை எல்லாப் பக்கமும் உருட்டி, கவிழ்த்துத் தட்டி மிச்சத்தைக் கொட்டிவிடலாம். நெய் பள்ளத்தை நிரப்புகிறது. மாவு அந்த நெய்யை வழியவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. சாக்லெட் கேக் என்றால் மைதாவுக்குப் பதில் கோகோ பவுடர் தூவினால் வெள்ளைத் தழும்பு தெரியாது. ரஸ்க்கை நைசாகப் பொடித்தும் தூவலாம். சர்க்கரையைத் தூவுவது வம்பை விலைகொடுத்து வாங்குவது. அது உருகினால் அதுவே பசை.

தடவும் நேரமும் முக்கியம். காலையில் தடவி வைத்துவிட்டு மத்தியானம் மாவு கலக்க உட்கார்ந்தால், அதற்குள் நெய் உருகிக் கீழே இறங்கியிருக்கும். மாவு தயாரான பிறகு கடைசி வேலையாகத் தடவ வேண்டும். வெயில் காலத்தில் தடவிய பாத்திரத்தை ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் இறுகிச் சுவரோடு நிற்கும்.

மாவின் குணமும் பார்க்க வேண்டும். சர்க்கரை கூடினால் ஒட்டுவதும் கூடும். முட்டையில்லாமல் கண்டென்ஸ்டு மில்க் சேர்த்துச் செய்யும் கேக், வாழைப்பழக் கேக், வெல்லக் கேக் எல்லாம் இந்த ரகம். அவற்றுக்குக் கூடுதல் கவனம் தேவை. பேரீச்சம்பழமும் சாக்லெட் துண்டும் சுவரைத் தொட்டால் அந்த இடத்தில் கட்டாயம் பிடிக்கும். ஆகவே அவற்றைக் கலக்குமுன் வெறும் மாவில் கொஞ்சம் எடுத்து முதல் அடுக்காக ஊற்றி, மடிப்புகளில் கரண்டியால் தள்ளிவிட்டு, பிறகு மீதியைக் கலந்து ஊற்றுவது உத்தமம். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. அச்சு முறுக்கின் விதிதான் இங்கேயும். விளிம்பைத் தாண்டி வழிந்து வெந்த மாவு, கேக்கைப் பாத்திரத்தோடு பூட்டிவிடும்.

பூச்சு இருந்தாலும் பூச வேண்டும்

ஒட்டாத பூச்சுக்கு இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். அந்தப் பூச்சின் மூலப்பொருளை 1938இல் அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தார். எதனோடும் ஒட்டாத குணம் அதற்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் பாத்திரத்தில் இருப்பது மெல்லிய படலம். கத்தி நுனி பட்ட இடத்திலும், கம்பி நார் தேய்த்த இடத்திலும் அது போய்விடும். போன இடத்தில் மாவு பிடிக்கும். ஆகவே பூச்சு இருந்தாலும் அலங்காரப் பாத்திரத்துக்கு மெல்லிசாக ஒரு தடவை தேவை.

டப்பாவிலிருந்து பீய்ச்சும் சமையல் ஸ்ப்ரேக்களில் ஓர் எச்சரிக்கை. பலவற்றில் லெசித்தின் சேர்க்கப்பட்டிருக்கும். அது பூச்சின் மேல் படிந்து, ஒவ்வொரு முறையும் வெந்து, பழுப்பு நிறப் பிசினாகிவிடும். தோசைக்கல்லுக்கு நாள்பட்ட படலம் வரம். கேக் பாத்திரத்துக்கு அரைகுறையாக வெந்த அதே எண்ணெய்ப் படலம் சாபம். அது வழவழப்பாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்று அடுத்த கேக்கைப் பிடித்துக்கொள்ளும். பயன்படுத்தியதும் வெந்நீரில் ஊறவைத்து, சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு மடிப்பு மடிப்பாகக் கழுவித் துடைக்க வேண்டும்.

கறுப்புப் பாத்திரம் சூட்டை வேகமாக வாங்கும். 180 டிகிரி செல்சியஸ் என்று எழுதியிருந்தால் 10, 15 டிகிரி குறைத்து வைப்பது நல்லது. ஓரம் கருகினால் ஒட்டுவதும் கூடும்.

எப்போது கவிழ்ப்பது?

அச்சைத் தயார் செய்வது பாதி என்றால், பிரிக்கும் நேரம் மீதி. மைசூருவுக்கு இதுவும் தெரிந்த பாடம்தான். அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் முதன்முதலில் செய்ததாகச் சொல்லப்படும் மைசூர் பாகு, தட்டில் கொட்டியதும் இளகி நிற்கும். வில்லை போடக் கிடைப்பது சில நிமிட அவகாசம். சூட்டோடு கத்தி வைத்தால் கோடு மூடிக்கொள்ளும். ஆறிய பிறகு வைத்தால் நொறுங்கும். இடையில் ஒரு பதம் இருக்கிறது.

கேக்கிலும் அந்த இடைப்பதம் உண்டு. ஓவனிலிருந்து எடுத்தவுடன் கேக் ஈரமும் ஆவியுமாக, பலமில்லாமல் இருக்கும். அப்போதே கவிழ்த்தால் தன் பாரத்தாலேயே கிழியும். பத்து, பதினைந்து நிமிடம் பொறுத்தால் அது சற்றுச் சுருங்கிச் சுவரை விட்டு விலகும். தடவிய நெய்யும் இன்னும் இளகியே இருக்கும். கவிழ்க்க வேண்டிய நேரம் அதுதான். ஒரு மணி நேரம் மறந்துவிட்டால் நெய் உறைந்து, சர்க்கரை இறுகி, உள்ளே தங்கிய ஆவி தண்ணீராகி, எல்லாம் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

கவிழ்க்குமுன் பாத்திரத்தை இரு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே கேக் நகர்வது கைக்குத் தெரியும். நகராவிட்டால் கத்தியைத் தேடக் கூடாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் சில நிமிடம் போட்டு வைக்கலாம். முழுக்க ஆறிப்போயிருந்தால் மிதமான ஓவனில் சில நிமிடம் திரும்ப வைக்கலாம். இரண்டும் செய்வது ஒன்றைத்தான். உறைந்த நெய்யையும் சர்க்கரையையும் மறுபடி இளக்குகின்றன.

வாங்கும்போதே பாதி முடிவு

சக்கரே அச்சில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கிளிக்கு அலகு ஒரு பக்கம் வளைந்திருக்கும், வால் இன்னொரு பக்கம். ஒரே துண்டு அச்சில் வார்த்தால் அது எப்படியும் வெளியே வராது. மரத்தைச் செதுக்கியவர் அதனால்தான் அச்சை இரண்டாகப் பிளந்து வைத்தார். கேக் பாத்திரம் பிளக்காது. ஆகவே அதன் சுவர்கள் அடியிலிருந்து வாய் நோக்கி விரிந்தே போக வேண்டும். கடையில் பாத்திரத்தை எடுத்து, வாய்ப் பக்கமாக நேரே உள்ளே பார்த்தால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எங்காவது சுவர் உள்நோக்கி வளைந்து பள்ளத்தை மறைத்தால், அங்கே கேக் மாட்டும். எத்தனை நெய் தடவினாலும் மாட்டும். ஊசி போல் ஒடுங்கிய கோபுர நுனிகளும் அப்படித்தான். தகரம் போல் மெலிந்த பாத்திரத்தைவிட, கனமாக வார்த்த அலுமினியம் ஒரே சீராகச் சூடேறும். விலை கூடுதல்தான். இரண்டு கேக் உடைந்த நஷ்டத்தோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகும்.

சங்கராந்திக்கு மைசூருவின் கடைத்தெருவில் சர்க்கரைப் பொம்மைகள் தயாராகவே விலைக்குக் கிடைக்கின்றன. பாகு காய்ச்ச நேரமில்லாத வீடுகள் அங்கே வாங்கிக்கொள்கின்றன. அதில் தப்பில்லை. ஆனால் பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கும் மர அச்சை விறகென்று நினைத்துத் தள்ளிவிடாமல் இருப்பது நல்லது. வருஷக்கணக்கில் காய்ந்த அச்சு முதல் நாளே சரிப்பட்டு வராது. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கட்டும். முதல் கிளி உடைந்தாலும் பரவாயில்லை, அதைக் காப்பியில் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவதோ மூன்றாவதோ அலகோடு வரும்.